ஆட்டுக்காரரைக் கேட்காமல் கன்று நடாதீர்கள்

கரிசல்காட்டில் கன்று நடுகிற காலமும் ஆட்டுக்கு இடம் இல்லாத காலமும் ஒன்றுதான். புறம்போக்கில் மரம் வளர்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் விளாத்திகுளம் பக்கம் புரட்டாசியில் விதைப்பு. உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், மல்லி, மிளகாய் என்று மானாவாரிக் காடு முழுக்க விதை விழுந்துவிடும். அதிலிருந்து மாசி வரைக்கும் பட்டா நிலத்தில் ஆடு வாய் வைத்தால் அழிம்பு. சண்டை வரும், ஊர்க்கூட்டம் வரும், தண்டம் வரும். அதனால் ஊரில் உள்ள அத்தனை ஆடும் ஓடைக்கரைக்கும் கண்மாய்க்கரைக்கும் வண்டிப்பாதை ஓரத்துக்கும் மேய்க்கால் புறம்போக்குக்கும் ஒதுங்கிவிடும். அறுவடை முடிந்து காடு திறந்த பிறகுதான் மறுபடி பரவி மேயும்.

கன்று நடுவதும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். ஐப்பசியில் ஈரம் கண்டதும் குழி எடுத்து நட்டால்தான் மார்கழிக்குள் வேர் பிடிக்கும். ஆக, ஊர் ஆடெல்லாம் வேறு போக்கிடம் இல்லாமல் புறம்போக்கில் நிற்கிற அதே நேரத்தில், அதே நிலத்தில், அதன் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் இளந்தளிரைக் கொண்டுபோய் நாம் வைக்கிறோம். பிறகு ஆட்டின் மேல் பழி சொல்கிறோம்.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விளாத்திகுளம், எட்டயபுரம், அருப்புக்கோட்டை வட்டாரங்களிலேயே வேலைக்காலம் முடிந்தது. ஆய்வாளர் என்றாலும் ஊரில் எல்லோரும் ஆட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தில் கோடு விழுந்த கருத்த கன்னி ஆடு, நெட்டையாக வளர்கிற கொடி ஆட்டில் கரும்போரையும் செம்போரையும், வெள்ளை உடம்பில் செம்மண் நிறப் பொட்டு விழுந்த வேம்பூர்ச் செம்மறி, இவைகளோடுதான் வாழ்ந்தேன். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசியும் நீலநாக்குக்கு மருந்துமாகப் பட்டி பட்டியாக அலைந்தவனுக்கு, ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரின் மேய்க்கால் புறம்போக்கை மீட்கிற வேலை வந்து சேர்ந்தது. ஆடும் வேண்டும், மரமும் வேண்டும் என்று நினைக்கிறவன் நான். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொன்னால் என்னால் முடியாது.

அந்த நிலம் கண்மாய்க்கு மேற்கே ஓடையின் இரண்டு பக்கமும் கிடக்கிறது. முப்பது ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. பெரும்பகுதி கரிசல், வடமேற்கு மூலையில் மட்டும் சரளை கலந்த செவல் மேடு. எங்கள் தலைமுறைக்கு அது சீமைக்கருவேலங்காடாகத்தான் தெரியும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது தென்மாவட்டம் எங்கும் ஜேசிபி ஓடியதே, அந்தச் சமயத்தில் இதுவும் மழிக்கப்பட்டது. வேரோடு பிடுங்கினார்கள், விறகை ஏற்றினார்கள், போய்விட்டார்கள். அடுத்து அங்கே என்ன வளர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மழையில் மேல்மண் ஓடைக்கு இறங்கி, ஓடையிலிருந்து கண்மாய் மடைவாயில் போய் அடைத்தது. நிலத்தில் ஆள் மறையும் அளவுக்கு அரிப்புப் பள்ளங்கள் விழுந்தன.

வெளியூர் அறக்கட்டளை ஒன்று வந்து நட்டது. வேம்பு, வாகை, புங்கன், அரசு. நல்ல கன்றுகள், குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் நான்கு மூங்கில் குச்சி ஊன்றி பச்சை வலை சுற்றினார்கள். தை பிறப்பதற்குள் புங்கனைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. வலைக்கு வெளியே எட்டிப்பார்த்த தளிரை முதலில் கடித்தன. பிறகு கொம்பைக் கொடுத்து வலையைத் தூக்கின. கிழிந்த வலையில் கொஞ்சத்தை ஆடுகளே தின்றன. செத்த ஆட்டை அறுத்துப் பார்க்கும்போது இரைப்பையில் பிளாஸ்டிக் உருண்டையைக் கண்டிருக்கிற எனக்கு இது பெரிய பதைப்பு. கன்றும் போய் ஆடும் போகிற காரியத்தைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

வெள்ளாடு எப்படி மேயும் என்று தெரிந்தால் வேலி எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும். மாடு நாக்கால் சுற்றி இழுத்து அறுக்கும், அதனால் அதற்குப் புல் உயரமாக வேண்டும். செம்மறி தலையைக் கவிழ்ந்து தரையோடு தரையாகக் கரம்பும். வெள்ளாடோ அண்ணாந்து மேய்கிற பிராணி. தழையைத்தான் தேடும். மேலுதடு விரல் மாதிரி வளைந்து முள்ளுக்கு நடுவிலிருந்து இலையை மட்டும் உருவும். முன்னங்காலைத் தூக்கி நின்றால் கொடி ஆட்டுக்கு ஆள் உயரத்துக்கு மேலேயே எட்டும். பசி முற்றினால் பட்டையை உரிக்கும். மாடு ஒரு கன்றை மிதித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது துளிர்க்க வாய்ப்பு உண்டு. வெள்ளாடு திரும்பத் திரும்ப வந்து துளிர்த்ததையெல்லாம் கிள்ளும். ஆகவே கன்று ஏழெட்டு அடி வளர்கிற வரை, எங்கள் மழைக்கு மூன்று பருவம், ஆட்டின் வாய் அந்தப் பக்கம் போகக் கூடாது. அதற்கப்புறம் ஆடு கீழே நின்று உதிர்ந்ததை மேய்ந்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

அந்த மூன்று வருடம் ஆடு எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் காகிதத்தில்தான் நிற்கும்.

மகளிர் குழுப் பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். வீடு வீடாகப் போய் யாரிடம் எத்தனை ஆடு, எந்த மாதம் எங்கே மேய்க்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். நிலம் வைத்திருக்கிற வீடுகளில் மாடு இருந்தது, ஆடு குறைவு. நிலம் இல்லாத வீடுகளில்தான் ஆடு அதிகம். அதிலும் தனியாக இருக்கிற பெண்கள், புருஷன் போனவர்கள், பிள்ளைகள் திருப்பூருக்குப் போன பிறகு பேரப்பிள்ளைகளை வளர்க்கிற ஆச்சிகள். 2011-இல் அரசு விலையில்லா ஆடு கொடுத்தபோது ஒரு வீட்டுக்கு நான்கு என்று இவர்களுக்குத்தான் வந்தது. அந்த ஆடுகளுக்குக் காதில் வில்லை போட்டவர்களில் நானும் உண்டு. அந்த நான்கிலிருந்து பெருக்கியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்துக்கு முந்தின சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஒரு கிடாய் போகும், அந்தக் காசில் நோட்டும் சீருடையும் வரும். இப்படி ஒரு வரவு அவர்களுக்கு வேறெதிலும் கிடையாது.

இவர்களிடம் போய்க் கொட்டிலில் கட்டி வளர்க்கச் சொல்கிறார்கள். துறைக் கூட்டங்களில் நானும் எத்தனையோ தடவை கேட்ட வாசகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக வளர்ந்த ஆட்டுக்கு ஒரு நாளைக்கு நான்கு கிலோ பசுந்தீவனமாவது வேண்டும். பத்து ஆட்டுக்கு நாற்பது கிலோ. சொந்த நிலம் இல்லாத, தண்ணீர் இல்லாத அறுபது வயதுப் பெண் தினமும் நாற்பது கிலோ தழையை எங்கே அறுத்து எப்படிச் சுமந்து வருவாள்? ஆடு தானே நடந்து போய் மேய்ந்து வருவதால்தான் அவளால் ஆடு வளர்க்க முடிகிறது. கிணறும் நிலமும் உள்ளவருக்குக் கொட்டில் முறை சரி. புறம்போக்கை நம்பிப் பிழைக்கிறவருக்கு அது ஆட்டை விற்றுவிடு என்பதற்குச் சமம்.

நோட்டு எழுதி முடித்த பிறகு கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் கூட்டம் வைத்தோம். கூட்டம் என்றால் ஊர்ப் பெரியவர்கள் திண்டில் உட்கார, ஆட்டுக்காரர்கள் தூரத்தில் கம்பை ஊன்றி நிற்பது வழக்கம். அன்றைக்கு ஆட்டுக்காரர்களை மட்டும்தான் கூப்பிட்டோம், அதுவும் ஆடு பட்டிக்குத் திரும்பிய பிறகு. மேய்க்கிறவர்களைக் காலை பத்து மணிக்குக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் அவர்கள் வராததை அக்கறையின்மை என்று எழுதிக்கொள்கிறார்கள். எந்த மாவட்டத்திலும் இதைப் பார்க்கலாம்.

மேலத்தெரு ஆச்சி ஒருவர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "டாக்டரய்யா, எங்க ஆட்டுக்கு நோவு வந்தா ராத்திரின்னு பாக்காம ஓடி வருவீக. நீங்க பொழைக்க வச்ச ஆடு இனி எங்கன போயி மேயும்? அதையும் நீங்களே சொல்லிருங்க."

அடுத்து எழுந்தவருக்கு வேறு பயம். "வேலி போட்டுட்டா அப்புறம் அது யாரு எடம்? சோலாருக்குக் குடுக்கப் போறீகளா?" இந்தப் பயத்தை யாரும் லேசாக நினைக்கக் கூடாது. எங்கள் வட்டாரத்தில் காற்றாலையும் சூரியத் தகடும் வந்த பிறகு கம்பி வேலி விழுந்த இடமெல்லாம் ஆட்டுக்கு மூடிய இடம். இன்றைக்குக் கன்று என்பார்கள், நாளைக்குக் கதவு, நாளைக்கழித்துப் பட்டா. பொதுநிலத்தின் மேல் ஊருக்கு உள்ள உரிமையை வலியுறுத்தி 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவும் இட்டது. ஆனால் மேய்க்கிறவருக்குத் தீர்ப்பு தெரியாது, வேலி தெரியும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற வழி ஒன்றுதான்: கம்பி வேலி கிடையாது என்று முதல் நாளே சொன்னோம். நிலம் மேய்க்கால் புறம்போக்காகவே இருக்கும், வகை மாற்றம் கேட்க மாட்டோம் என்பதையும் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதி வாங்கினோம். அந்த நகலை ஆட்டுக்காரர்கள் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம்தான் பேச்சு நிலத்துக்குள் இறங்கியது. பல கூட்டங்கள் ஆயின, சத்தமும் போட்டுக்கொண்டோம். கடைசியில் ஒப்புக்கொண்டது இப்படி. நிலத்தை மூன்று பாகம் வைப்பது. ஒரு பாகத்தை மட்டும் மூடுவது, மற்ற இரண்டும் வழக்கம்போல மேய்ச்சலுக்கு. மூடுகிற பாகம் எது என்பதை ஆட்டுக்காரர்கள் சொல்வது. நாங்கள் ஓடையின் தென்கரையை நினைத்திருந்தோம், வரைபடத்தில் அதுதான் மோசமாக அரித்திருந்தது. அவர்கள் மறுத்தார்கள். தென்கரை வழியாகத்தான் நண்பகலில் ஆடு தண்ணிக்கு இறங்கும். அதை அடைத்தால் வேலியைப் பிய்க்காமல் வேறு வழி இல்லை என்றார்கள். மேற்கே உள்ள பாகத்தைக் கொடுத்தார்கள். நடுவில் வண்டி போகிற அகலத்துக்கு ஆட்டுப்பாதை விட வேண்டும், பாதையின் இரண்டு பக்கமும் ஆடு தொடாத செடிதான் இருக்க வேண்டும் என்றார்கள். இந்த யோசனை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் படித்தது கிடையாது.

மூடின பாகத்தில் ஆடு நுழையாது, ஆனால் அரிவாள் நுழையலாம். கார்த்திகைக்குப் பிறகு புல் அறுக்கிற உரிமை முதலில் ஆட்டுக்கார வீடுகளுக்கு, காசு இல்லாமல். மீதி இருந்தால் மாட்டுக்காரர்கள் கட்டுக்கு இவ்வளவு என்று பொதுக்கணக்கில் கட்டி அறுத்துக்கொள்ளலாம். ஆடு மேய்த்து மேய்த்துத் தரை தெரிந்த நிலத்தில், அடைத்த முதல் மழைக்கே கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் வந்தது. அறுத்துக்கொண்டு போன சுமையைப் பார்த்ததும்தான் பலருக்கு நம்பிக்கை பிறந்தது. என் பேச்சுக்கு அந்த பலம் இருந்திருக்காது.

காவல் வேலையும் ஆட்டுக்காரர் ஒருவருக்கே. சம்பளம் பொதுக்கணக்கிலிருந்தும் ஊரை விட்டுப் போன பிள்ளைகள் அனுப்புகிற பணத்திலிருந்தும் போகிறது. வெளி ஆளைக் காவலுக்கு வைத்தால் அவர் கம்பைத் தூக்குவார், திட்டுவார், ஒரு நாள் அசருவார். ஆடு மேய்க்கிறவருக்கு எந்த மணிக்கு எந்த மந்தை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும். முன்னாலேயே போய் நின்றுகொள்வார்.

இந்த மாதிரி ஏற்பாட்டை நான் முதலில் கேள்விப்பட்டது வேலைக்காலப் பயிற்சி ஒன்றில், சுகோமாஜ்ரி என்ற ஊரின் கதையாக. ஹரியானாவில் சிவாலிக் மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். 1958-இல் சண்டிகர் நகரத்துக்காகக் கட்டின சுக்னா ஏரி வண்டல் அடைத்துத் தூர்ந்துகொண்டே வந்தது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன மண்வள விஞ்ஞானி பி.ஆர். மிஸ்ரா, மேலே மொட்டையாக மேயப்பட்ட குன்றுகளில் போய் நின்றார். மேய்க்கிறவர்களை விரட்டிப் பயன் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் ஊருக்கு மேலே சின்ன மண் அணைகள் கட்டப்பட்டன. அந்தத் தண்ணீரில் நிலம் இல்லாத குடும்பம் உட்பட எல்லா வீட்டுக்கும் சம பங்கு. பதிலுக்கு ஊரே குன்றில் மேய்ச்சலை நிறுத்தியது. முள்வேலி இல்லை, ஊரின் ஒப்புதல்தான் வேலி. புல் வந்தது, கயிறு திரிக்கிற பாபர் புல் விற்பனைக்குப் போனது, வெள்ளாடு குறைந்து எருமை கூடியது, பால் கூடியது. இதில் என் மனத்தில் நின்றது நிலமில்லாதவருக்கும் தண்ணீரில் பங்கு என்ற ஏற்பாடு. தண்ணீர்ப் பங்கு இல்லையென்றால் அவர் எதற்காக ஆட்டைக் குன்றிலிருந்து இறக்குவார்? எங்கள் ஊரில் அணை கட்டத் தோதில்லை. புல்லும் காவல் கூலியும் தீர்மான நகலும்தான் நாங்கள் கொடுக்க முடிந்தவை.

ஒப்புதல் இருந்தாலும் எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேய்க்கிறவர் ஒரு நிமிடம் திரும்பினால் ஆட்டுக்கு ஒப்பந்தம் தெரியாது. உயிர்வேலிக்கு நான் காங்கேயம் பக்கம் போய்ப் பார்த்து வந்தேன். கொங்கு நாட்டில் கொறங்காடு என்று மேய்ச்சல் நிலத்தை வைத்திருக்கிறார்கள். கொழுக்கட்டைப்புல்லும் நடுநடுவே வெள்வேல் மரமும் வளர, சுற்றிலும் முள்கிளுவை வேலி. ஒன்றை அடைத்து இன்னொன்றில் மாறி மாறி மாட்டை விடுகிறார்கள். மழை இல்லாத சீமையில் புல்லை ஓயவிட்டு மேய்க்கிற அந்த அறிவைப் பார்த்து மனம் நிறைந்துபோனது. காங்கேயம் மாடு அப்படி நிற்பதற்கு அந்த வேலியும் ஒரு காரணம்.

கிளுவைப் போத்து, அதாவது வெட்டி நடுகிற கிளைத்துண்டு, கொண்டுவந்து நட்டோம். செவல் மேட்டில் பிடித்துக்கொண்டது. கரிசலில் மழைக்குத் தண்ணீர் கட்டி, போத்து அழுகியது. கரிசல் ஓரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது. சின்னதாக வரப்பு உயர்த்தி அதன் மேல் ரயில் கற்றாழையும் திருகுகள்ளியும் நெருக்கமாக வைத்தோம். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பிள்ளைகளை அந்த வேலைக்குச் சேர்க்கவில்லை. வரப்பின் வெளிச்சரிவில் பனங்கொட்டை ஊன்றினோம். பனை வேலியாக நிற்க வருடங்கள் ஆகும், அதுவரைக்கும் உடைமரத்து முள்ளை வெட்டி அடைக்கிறோம். முள்ளடைப்புக்கு இரண்டு எதிரி: கரையானும் விறகு அடுப்பும். கரையானுக்கு ஒன்றும் செய்ய முடியாது, வருடா வருடம் மாற்ற வேண்டும். விறகுக்கு, பழைய முள்ளை மாற்றும்போது அது யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முறை வைத்துவிட்டோம். அதன் பிறகு புது முள்ளை யாரும் தொடவில்லை.

நடுகிற முறையையும் ஆட்டை வைத்தே மாற்றினோம். ஆட்டுப்பாதை ஓரத்தில் ஆவாரை, நொச்சி, ஆடாதொடை. இவற்றை வெள்ளாடு சீண்டாது. அடுத்த வரிசையில் புங்கன், அதையும் பசி முற்றினால் ஒழியத் தொடாது. ஆடு உயிரை விடுகிற வேம்பு, வாகை, பூவரசு எல்லாம் உள்ளே தள்ளி, முடிந்தவரை ஆவாரைப் புதருக்கு நடுவில். கரிசலில் தானாக வந்த வேப்பமரத்தின் அடியைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு புதர் இருந்த இடமாக இருக்கும். பறவை போட்ட கொட்டை புதரின் காவலில் முளைத்துத் தப்பியிருக்கும். பாதைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட கன்றுகளுக்குப் பசுஞ்சாணியைக் கரைத்துத் தழையில் தெளித்தோம். சாண வாடை இருக்கிற இலையை ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரு மழை பெய்தால் கழுவிப்போகும், மறுபடி தெளிக்க வேண்டும். செலவு இல்லாத வேலை, ஆள் மட்டும் வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய பலன் நாங்கள் நடாததில் வந்தது. மொட்டையாகத் தெரிந்த அந்தத் தரையில் இலந்தையும் உடைமரமும் வெள்வேலும் உயிரோடுதான் இருந்திருக்கின்றன. வருடக்கணக்கில் ஆடு கிள்ளக் கிள்ள, வேர் தடித்துத் தழை விரல் உயரத்தில் நின்றிருக்கிறது. அடைத்ததும் அவை எழுந்தன. ஆழமான பழைய வேர் இருப்பதால் எந்த நாற்றங்கால் கன்றும் அந்த வேகத்தில் வளர முடியாது. இரண்டாவது மழைக்கே வெள்வேல் என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. இப்போது புதிய ஊர்களில் யாராவது யோசனை கேட்டால், கன்று வாங்குகிற பணத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டு முதலில் ஒரு மூலையை அடைத்துப் பாருங்கள் என்கிறேன். என்ன எழுகிறது என்று பார்த்த பிறகு இடைவெளிக்கு மட்டும் நட்டால் போதும்.

தண்டத்தையும் ஆட்டுக்காரர்களே முடிவு செய்தார்கள். ஆட்டுக்குப் பத்து ரூபாய், மாட்டுக்கு நூறு. மாடு வைத்திருப்பவர்கள் நியாயம் கேட்டார்கள். மாடு மிதிக்கிற மிதிக்கு அதுதான் நியாயம் என்று ஆச்சிகள் விடவில்லை. இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை வந்தது ஒரு மார்கழி ராத்திரியில். டிராக்டரும் நிலமும் உள்ள ஒரு வீட்டு மாடுகள் அடைப்பைத் தாண்டி விடிய விடிய மேய்ந்திருந்தன. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஊர் எப்போதும் வாயை மூடிக்கொள்ளும். இங்கே மூடியிருந்தால் மறுநாளே அத்தனை ஆடும் உள்ளே போயிருக்கும், தடுக்க எனக்கு வாய் இருந்திருக்காது. காவல்காரர் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து ஊர் மந்தையில் கட்டிவிட்டார். மத்தியானம் வரைக்கும் பேச்சு. கடைசியில் அந்த வீட்டுப் பெரியவரே வந்து எண்ணி வைத்துவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தண்டம் போடுகிற சந்தர்ப்பம் அபூர்வமாகத்தான் வந்தது. அந்தப் பெரியவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை இருக்கிறது.

ஊருக்கு வெளியே இருந்து வருகிறவர்களும் உண்டு. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் நூற்றுக்கணக்கில் செம்மறி ஓட்டிக்கொண்டு வருவார்கள். நம்முடைய தீர்மானம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் யார் காட்டில் கிடை போடப் போகிறார்களோ, அதாவது ராத்திரி மந்தையை எருவுக்காக அடைக்கப் போகிறார்களோ, அந்தக் காட்டுக்காரர்தான் அடைப்பைக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று பொறுப்பு வைத்தோம். அதோடு நிற்காமல் அவர்களையே வேலைக்கும் சேர்த்தோம். அடுத்து மூடப்போகிற பாகத்தில், தரை இறுகிக்கிடந்த இடமாகப் பார்த்து, கூலி கொடுத்துக் கிடை போட்டோம். புழுக்கையும் மூத்திரமும் விழுந்து, குளம்பு மிதித்து மேலோடு உடைந்து, மழை வந்ததும் அந்த இடம் மட்டும் தனியாகப் பச்சை பிடித்தது.

கிடையில் விதையும் வரும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஆடு தின்ற வெள்வேல் நெற்றின் விதை வயிற்றில் ஊறி வெளியே வந்தால், சும்மா விதைத்ததைவிட நன்றாக முளைக்கும். பட்டியில் கூட்டி அள்ளிச் சலித்து எடுத்த விதையைத்தான் நாங்கள் ஓடைச் சரிவில் தூவுகிறோம். ஆனால் சீமைக்கருவேல நெற்றும் ஆட்டுக்குப் பிரியம், அந்த விதைக்கும் இதே ராசி. கோடையில் கிடை போட்ட இடத்தில் கார்த்திகை ஈரத்தில் சீமைக்கருவேல நாற்றுகளைக் கையால் பிடுங்கியே ஆக வேண்டும். விரல் நீளம் இருக்கும்போது ஈர மண்ணில் வேரோடு வந்துவிடும். தை வரைக்கும் விட்டால் கடப்பாறை வேண்டும், அடுத்த வருடம் என்றால் மறுபடி ஜேசிபிதான்.

முதல் பாகத்தில் இப்போது பெரும்பாலான மரம் ஆட்டின் வாய்க்கு மேலே போய்விட்டது. வரும் மாசியில் காடு திறக்கும்போது அதையும் திறக்கிறோம், முதலில் செம்மறிக்கு மட்டும். வெள்ளாட்டை இன்னும் ஒரு பருவம் பொறுக்கச் சொல்லி ஆச்சிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் சரி என்கிறார்கள். இரண்டாவது பாகம் தென்கரை. தண்ணிக்கு இறங்குகிற பாதையை எந்தப் பக்கம் மாற்றுவது என்பதில் இன்னும் முடிவு வரவில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் மேய்க்கிறவர்கள் ஒரு நாள் மந்தையோடு நடந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பின்னால் சுண்ணாம்பு வாளியோடு போய்க் கோடு போட வேண்டியதுதான்.